ஓய்வுநாளுக்கு முன் கரைசேர்ந்த மீன்

லூயிஸ் தீவு
9 நவம்பர் 1978, வியாழன்

அன்பு மகன் பின்லேக்கு,

இன்று மத்தியானம் நம் வீட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள்: உன் அப்பா, நான், உன் தங்கை எஃபி, பக்கத்து வீட்டு டார்மட், ஸ்டோர்னோவே டவுனிலிருந்து வந்த வக்கீல். மொத்தம் ஐந்து பேர். யார் சொன்னது என்று எழுதாமல் பொத்தாம்பொதுவாக எழுதுகிறேன் என்று போன கடிதத்தில் குறைப்பட்டாய், அதனால் பெயரோடு எழுதுகிறேன். ஆண்டவர் தயவில் எல்லோருக்கும் உடம்பு சுகம்தான், நீயும் நியூசிலாந்தில் அப்படியே இருப்பாய் என்று தினமும் ஜெபிக்கிறேன். மனதுக்குத்தான் அலுப்பாக இருக்கிறது.

ஹெர்ரிங் மீன் பிடிக்கக்கூடாது என்று கோடையில் சட்டம் வந்ததை எழுதியிருந்தேன். அதிலிருந்து அப்பா கானாங்கெளுத்திக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். அதோடு சேர்ந்து தப்பித்தவறிக் கொஞ்சம் ஹெர்ரிங் விழுந்தால் பரவாயில்லை, அளவு மீறினால் கரைசேர்ந்ததும் மீன்துறை அதிகாரிக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது விதி. அக்டோபர் 21, சனிக்கிழமை, கடைசி வலையைத் தூக்கினால் பாதிக்குமேல் ஹெர்ரிங். கடலிலேயே நின்று பிரித்தெடுத்தால் நடுராத்திரி தாண்டி ஞாயிறு, ஓய்வுநாள் பிறந்துவிடும், வேலையைத் தொடக்கூடாது. செத்த மீனை மொத்தமாகக் கொட்டவும் அப்பாவுக்குக் கை வரவில்லை. அப்படியே படகின் அடியறையில் போட்டு மூடிக்கொண்டு வந்து, ராத்திரி பன்னிரண்டு அடிக்கக் கால்மணி இருக்கும்போது துறையில் கயிறு கட்டினார்கள். ஞாயிறு முழுதும் படகுப் பக்கம் யாரும் போகவில்லை. திங்கள் காலை எட்டு மணிக்கு அப்பா போன் பேசப் போவதற்குள் அதிகாரியே துறைக்கு வந்துவிட்டார். மூடியைத் திறந்தால் முப்பத்திரண்டு கூடை ஹெர்ரிங், அதற்குள் குழைந்து நாற்றமெடுத்து. ஒரு நாள் முழுதும் மறைத்து வைத்ததாக எழுதிக்கொண்டார். அப்பா ஓய்வுநாளைச் சொன்னதற்கு அவர், "எனக்கும் அது ஞாயித்துக்கிழமைதான் ஐயா, ஆனா போன் அடிச்சா எடுத்திருப்பேன்" என்றாராம். முரட்டு மனிதர் இல்லை. அந்த மீன் யாருக்கும் உதவாமல் லாரியில் போய்க் குழியில் விழுந்தது. இந்த வருஷம் நம் வீட்டில் உப்புமீன் பீப்பாய் கவிழ்ந்தபடி கிடக்கிறது, உருளைக்கிழங்குக்குத் தொட்டுக்கொள்ள டப்பா மீன் வாங்குகிறோம், அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

சட்டம் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். என் கணக்கு நோட்டில் எல்லாம் இருக்கிறது. நீ ஆறாம் வகுப்பு படித்தபோது ஒரு ராத்திரியில் கிடைத்த மீன், போன வருஷம் ஒரு வாரம் அலைந்தும் கிடைக்கவில்லை, கிடைத்ததிலும் பாதி விரல்நீளக் குஞ்சு. பெரிய கப்பல்கள் வாரிக்கொண்டு போனது உண்மைதான், அந்தக் குஞ்சுகளை விற்றவர்களில் நாமும் உண்டு. இதை அப்பாவிடம் காட்டினால், "உன் நோட்டை கவர்மென்டுக்கு வாடகைக்கு விடு, நல்ல காசு வரும்" என்கிறார். டார்மட் சும்மா இருப்பாரா, "நமக்கு வாரத்துக்கு ஒரு ஓய்வுநாள், ஹெர்ரிங்குக்கு வருஷம் பூரா ஓய்வுநாள், அது நம்மளவிட பக்தியா இருந்திருக்கும்போல" என்றார். அப்பாகூடச் சிரித்துவிட்டார், மூன்று வாரத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

வக்கீல் வந்தது வழக்கு விஷயமாக. டிசம்பர் 12 அன்று அப்பா கோர்ட்டில் நிற்க வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டால் வலை போகும், உரிமமும் போகலாம், உரிமம் இல்லாத படகை யார் வாங்குவார்கள். அதனால் வக்கீல், "இருட்டுல வலை தூக்கினோம், ஹெர்ரிங்னு திங்கக்கிழமைதான் தெரிஞ்சதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்கிறார். அப்பா, "கண்ணக் கட்டிவிட்டாலும் வாசனையிலயே ஹெர்ரிங்க சொல்லிடுவேன், நாப்பது வருஷமா அதத்தான பண்றேன். தெரியாதுன்னு சொன்னா கோர்ட்ல ஒருத்தன் நம்பமாட்டான்" என்றார். எஃபி பொறுக்கமாட்டாமல், "மாடு கன்னு போட்டா ஓய்வுநாள்னு கையக் கட்டிக்கிட்டா இருந்தீங்க? ஒரு போன் பண்றதுக்கு என்னப்பா?" என்று கேட்டாள். அப்பா குனிந்தபடியே, "எனக்குத் தோணல, விடு" என்றார்.

அது உண்மை இல்லை பின்லே. இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன். அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் அவர் போனைக் கையில் எடுத்தார். நான்தான், "மீன் விஷயம் வியாபார விஷயம், நாளைக்குப் பேசிக்கலாம், வையுங்க" என்று சொன்னேன். வைத்துவிட்டார். அதிகாரியிடமும் வக்கீலிடமும் பெற்ற மகளிடமும் என் பெயரை எடுக்கவில்லை. ஓய்வுநாளை மதித்ததற்கு நான் வருத்தப்படவில்லை, ஆனால் ஒரு போன் பேசினால் ஆண்டவர் கோபித்துக்கொண்டிருப்பார் என்று இப்போது என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. அதைக் கோர்ட்டில் எழுந்து நின்று சொல்ல நான் தயார், அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். கோர்ட்டுப் பக்கமே என்னை வரவேண்டாம் என்கிறார்.

உன்னால் ஆக வேண்டியது இதுதான். படகில் பாதி உன் பெயரில் இருக்கிறது, மூன்று வருஷம் கப்பலில் உழைத்த உன் சம்பளம் அது. தன் பாதி மட்டும் என்றால் அப்பா எப்போதோ ஒப்புக்கொண்டிருப்பார். வக்கீல் போன பிறகு என்னிடம், "அவன் பாதிய நான் எப்படித் தூக்கிக் குடுக்கறது" என்றார். அதற்காக அந்தப் பொய்யைச் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. சொல்லிவிட்டால் அடுத்த ஞாயிறு சபையில் நிமிர்ந்து உட்கார அவரால் முடியாது, எனக்கு அவரைத் தெரியும். நீ திரும்பி வந்து இந்தப் படகில் கடலுக்குப் போக நினைத்தால் அதையும் ஒளிக்காமல் எழுது, உன்மேல் குறை சொல்ல மாட்டேன். உன் பாதியை விட்டுக்கொடுக்க மனமிருந்தால் அதை அப்பாவுக்கு உன் கைப்பட எழுது, நான் சொல்லி எழுதியதாக இருக்க வேண்டாம்.

மழையில் நனைந்த காலுறையோடு நிற்காதே, இருமல் வந்தால் உனக்கு லேசில் விடாது. எங்கே இருந்தாலும் ஞாயிறு ஆராதனையை விடாதே. ஆண்டவருடைய கை உன்மேல் இருக்கட்டும், உன் போக்கையும் வரத்தையும் அவர் காக்கட்டும். கடிதம் வந்துசேரப் பத்து நாள் ஆகிறது, வழக்கு டிசம்பர் 12, அதற்கு முன்னால் உன் பதில் அப்பா கையில் இருக்க வேண்டும். இதைப் படித்த அன்றே எழுதிப் போட்டுவிடு.

உன் அம்மா,
ரேச்சல்