எண்ணெய் குடித்த பலகை

என் பாசத்துக்குரிய மாமா,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. பிள்ளைப்பாக்கம் ஏரி இந்த வருஷம் நிரம்பிக் கலங்கல் வழிகிறது. அக்கரையில் நடவு தொடங்கிவிட்டது. நாற்றையும் பெண்களையும் ஏற்றிப் போக வேண்டிய உங்கள் படகோ கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அக்காவுக்குப் படிக்கத் தெரியாதது நல்லது என்று இன்றைக்குத்தான் எனக்குப் படுகிறது.

மஞ்சள்காமாலை உங்களைக் கொண்டுபோன பிறகு அக்காவே கழி பிடித்துப் படகு விட்டாள். முதல் மழையிலேயே அடிப்பலகை ஒழுக ஆரம்பித்தது. "படகு போச்சின்னா நான் ஜல்லி ஒடைக்கத்தான் போவணும். இந்த இடுப்பு தாங்காதுடா" என்று அழுதாள்.

"நான் பார்த்துக்கறேன்கா" என்று மார்தட்டினேன். பெரும்புதூர் பட்டறையில் பன்னிரண்டு வருஷம் பீரோவுக்கும் மேஜைக்கும் மெல்லிசு மரத்தகடான வெனீர் ஒட்டினவனுக்கு இது ஒரு வேலையா? கொஞ்சம் கனமாகச் சீவின தேக்கு வெனீர் வாங்கினேன். தண்ணீருக்கு விடாத பசை கலந்து, தட்டையான அடிப்பலகை மேல் குறுக்கும் நெடுக்குமாக மூன்று அடுக்கு ஒட்டினேன். பசை இறுகும் வரை அழுத்தி வைக்க வேண்டுமே! தெருவில் இருந்த அம்மிக்கல் எல்லாம் படகின் முதுகில் ஏறின.

"இன்னாபா, ரெண்டு நாளா வெறும் ரசம் ஊத்தி துன்னுகினு கீறோம். கல்ல எப்பதான் குடுப்ப?" என்று எதிர்வீட்டு முனியம்மா சண்டைக்கு வந்தாள். அக்கா சிரித்துவிட்டாள். நீங்கள் போனதிலிருந்து அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

கல்லை எடுத்தபோது படகு பளபளவென்று இருந்தது. ஏரியில் விட்டோம். மூன்றாம் நாள் வெனீர் உப்பிக்கொண்டது. கரைக்கு இழுத்து ஓரத்தை நிமிண்டினேன். முழுசாகக் கையோடு வந்துவிட்டது. உள்பக்கம் வழவழவென்றிருந்தது. மோந்து பார்த்தேன். வேப்பெண்ணெய்!

என்ன மாமா இப்படிப் பண்ணிவிட்டீர்கள்! தன் தலைக்கு ஒரு சொட்டு வைக்காத மனுஷன், கோடைக்குக் கோடை படகுக்கு ஊற்றி ஊற்றித் தேய்த்தீர்களே, அதில் எந்தப் பசை பிடிக்கும்? நானும் ஒட்டுவதற்கு முன் இழைத்தேன், மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். மேலுக்குக் காய்ந்த மாதிரிதான் இருந்தது. உள்ளே ஊறியிருந்தது மெல்லக் கசிந்து வந்துவிட்டது. இன்னொரு தரம் இழைக்க மரம் மிச்சமில்லை. உளுத்த பலகை புது ஆணியும் தாங்காது. இனி அது அடுப்புக்குத்தான். கொஞ்சம் கம்மியாகப் பாசம் வைத்திருக்கக் கூடாதா, மாமா?

"எதனாலடா வுட்டுச்சி?" என்று அக்கா கேட்டாள்.

"பசை கலக்கறதுல தப்பு பண்ணிட்டேன்கா."

பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். "உங்க மாமா வருசா வருசம் எண்ண போட்டு கொயந்த மாரி காப்பாத்தினாரு. ஒரே வாரத்துல கெடுத்துட்டியேடா, பாவி!"



திங்கட்கிழமையிலிருந்து அவள் ஜல்லி உடைக்கப் போகிறாள். தடுக்க எனக்கு வழி தெரியவில்லை. என்னோடு பேச்சும் நின்றுவிட்டது. ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன், மாமா. அவள் ஆயுசுக்கும் என்னையே திட்டட்டும். உங்கள் எண்ணெயைப் பற்றி அவளிடம் நான் வாய் திறக்க மாட்டேன்.

உங்கள் கைராசியில்லாத மச்சினன்,
கன்னியப்பன்