கழற்றிய கேபிள்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாளா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

ஒரு சின்ன விஷயம். என் புது முறையில் இரண்டு கணினிகளுக்கு இடையே செய்தி மின்னலாகப் போகிறது என்று ஆய்வுக் கூட்டத்தில் காட்டினேன். பேராசிரியர், "எங்க, நடுவுல இருக்கிற கேபிளைக் கழட்டுங்க பாப்போம்" என்றார். கழற்றினேன். செய்தி அதே வேகத்தில் போனது. நான் முகவரியைத் தப்பாகக் கொடுத்ததால், ஆறு மாதமாகக் கணினி தனக்குத்தானே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. தபால்காரரான உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? வாசலையே தாண்டாத கடிதத்தை வைத்து வேகம் வேகம் என்று பீற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

இதை வைத்து எழுதிய ஆய்வுக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டேன். தபால் நிலையத்தில் அதன் முதல் பக்கத்தை ஒட்டிவைத்து, "எம் பையன் எழுதுனது" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறீர்களே, அதைக் கிழித்துவிடுங்கள். கேட்டால் பசை விட்டுப்போச்சு என்று சொல்லுங்கள். வேண்டாம், என்னால் நீங்களும் பொய் சொல்ல வேண்டாம். நடந்ததையே சொல்லுங்கள்.

போனில் சொல்ல வாய் வரவில்லை. ஆய்வகத்துக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன். என் பழைய போர்வையை அனுப்புங்கள். கூடவே உங்கள் கையால் இரண்டு வரி. எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்லை, அங்கிருந்து வந்தால் போதும்.

உங்கள் மகன்