துடக்குக் காத்த மூன்று வீடுகள்

சரவணை,
18.07.1974

தியாகலிங்கம் அவர்களுக்கு,

‘அன்புள்ள’ என்று தொடங்கக் கை வரவில்லை. சுகமும் விசாரிக்கவில்லை. உங்கள் சுகம் எனக்குத் தெரிந்துவிட்டது.

நீங்கள் போயிருக்கும் அமெரிக்காவில் யூட்டோ-அஸ்டெக் என்கிற பழங்குடி மொழிகளை ஆராயும் விதத்தைப் போன கடிதத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தீர்கள். வடக்குப் பாலைவனத்தில் ஒரு சனம், தெற்கே மெக்சிக்கோவில் ஒரு சனம். ஒருவரை ஒருவர் கண்டதே இல்லை. ஆனாலும் தண்ணீருக்கு இரு பக்கமும் உறவான சொல். கடன் வாங்கவில்லை என்றால், எங்கும் எழுதி வைக்காத தாய்மொழியிலேயே அது இருந்திருக்க வேண்டும் என்றீர்கள். இவளுக்கு எங்கே விளங்கப்போகிறது என்று நினைத்தீர்களோ தெரியாது. நன்றாக விளங்கியது.

நயினாதீவுத் தேருக்குப் போனேன். வருடம் தவறாமல் முந்திக்கொண்டு வடம் பிடிக்கிற உங்கள் அண்ணை குலசிங்கம் வெளியே ஒதுங்கி நின்றார். கேட்டதற்கு, “ஏலாது பிள்ளை, துடக்கு” என்று நிலத்தைப் பார்த்தார். யாரால் என்றேன், தேர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் மண்டைதீவில் உங்கள் பெரியப்பா மகன் மார்க்கண்டு வீட்டுக்குப் பிரசாதம் கொண்டுபோனேன். வாங்கக் கை நீட்டவில்லை. சாமி விளக்கும் எரியவில்லை. ஊர்காவற்றுறையில் உங்கள் சித்தப்பா அரியநாயகம் வீட்டிலும் அதே கதை.

காணிச் சண்டையால் மூன்று வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒருவர் சொல்லி மற்றவர் துடக்குக் காத்திருக்க முடியாது. சொந்தம் முழுக்கக் காக்கிற தீட்டு, துடக்கென்றால் ஒன்றில் இறப்பு, இல்லையேல் பிறப்பு. இறப்பென்றால் ஊருக்கே தெரிந்திருக்கும். இங்கே உங்கள் பகுதியில் யாரும் பிள்ளை பெறவுமில்லை. ஊரைவிட்டு வெளியே இருக்கிறது நீங்கள் ஒருவர்தான். உங்கள் முறைப்படியே பார்த்தேன். பிள்ளை உங்களுடையது. அங்கே யாரோ ஒருத்தி பெற்றிருக்கிறாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தீர்கள். மூன்று வீட்டுக்கும் தனித்தனியே அறிவிக்கத் தெரிந்த உங்களுக்கு, தாலி கட்டின மனைவிக்கு ஒரு வரி எழுதத் தெரியவில்லை. உங்கள் துடக்கு எனக்கும் துடக்குத்தானே? அந்தத் துடக்கோடு கோயிலுக்குள் போய் அம்மனின் வடத்தைப் பிடித்தேன். உங்கள் சொந்தம் பார்த்துக்கொண்டு நின்றது. அதை நான் மன்னிக்கமாட்டேன்.

இது என் சீதன வீடு. இனி இந்தப் படலையைத் திறக்க வராதீர்கள். உங்கள் புத்தகங்களை அண்ணை வந்து ஏற்றிக்கொண்டு போகட்டும்.

நேற்று ஐயரைக் கூப்பிட்டு இங்கேயும் துடக்குக் கழித்தேன். கோயில் கோயிலாக நேர்த்தி வைத்தும் எனக்குக் கிடைக்காத பிள்ளை. அதன்மேல் எனக்குக் கோபமில்லை. தீர்க்காயுசாக இருக்கட்டும்.

மூன்று வீட்டையும் ஒப்பிட்டும் ஒன்று மட்டும் பிடிபடவில்லை. ஆணா, பெண்ணா? அதை மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
சறோஜினிதேவி