மூக்கர்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுகிறேன். எல்லோரும் சௌக்கியம் என்றுதான் அம்மா எழுதச் சொல்வாள். இந்தக் கடிதம் அவளுக்குத் தெரியாது. போனில் சொன்னால் கேட்டுவிடும். அவள் தூங்கிய பிறகு, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

நீ வேலை பார்க்கும் புதுச் சுத்திகரிப்பு ஆலை முழு அளவில் ஓடத் தொடங்கியதும் இங்கே அப்பாவின் பழைய ஆலையை மூடப்போகிறார்களாம். அதுவரை நாட்டுக்குப் பெட்ரோல் குறையக் கூடாதென்று இதை நிறுத்தாமல் ஓட்டுகிறார்கள். வருஷா வருஷம் நிறுத்திப் பழுது பார்ப்பார்களே, இந்த வருஷம் அதுவும் இல்லை. பாதி ஆட்கள் போய்விட்டார்கள். அப்பா கடைசிவரை இருந்தால்தான் நமக்கு இந்தக் குவார்ட்டர்ஸ்.

அலாரம் அடிக்கும் முன்பே வாயுக் கசிவைக் கண்டுபிடிப்பார் என்று அப்பாவை 'மூக்கர்' என்பார்களே. கொஞ்ச நாளாக, வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றி என்னிடம் நீட்டுகிறார். "மோந்து பாரு பாப்பா, அழுகின முட்டை நாத்தம் அடிக்குதா?" என்பார். அடிக்குதுப்பா என்றால், "இனிமே நீதான் மூக்கர்!" என்று சிரிப்பார். மறுநாள் போய்க் கசிவைத் தேடி அடைப்பார். விளையாட்டு என்றுதான் நினைத்தேன்.

போன வாரம் பால் அடிப்பிடித்து வீடே நாறியது. அப்பா அடுப்புக்குப் பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா ஓடிவந்து, "மூக்கரோட மூக்கு எங்க போச்சு?" என்று கத்தினாள். அப்பா சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். அப்போதுதான் புரிந்தது. அந்த வாயு முதலில் மூக்கை மரக்கவைக்கும், அப்புறம் ஆளையே சாய்த்துவிடும் என்று நீதானே சொன்னாய்?

இன்று அடுத்த ஷிப்டுக்கு ஆள் வரவில்லை. சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போவதற்காக வந்தார். சட்டையை நீட்டினார். எனக்கு இரண்டு நாளாகச் சளி. "ஒண்ணும் தெரியலப்பா" என்றேன். சட்டையைப் பிடித்தபடியே நின்றார். அலாரம் இருக்கிறதல்லவா என்று கேட்டேன். "அது எப்பவாச்சும் மனசு வந்தா கத்தும்" என்றார். பிறகு, "அண்ணன்கிட்ட சொல்லாத, தூரத்துல இருக்கான், பாவம்" என்று சொல்லி அதே சட்டையைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அண்ணா, வேலையை விடச் சொல். நீ சொன்னால் கேட்பார். வீடு போனால் போகட்டும். நான் எழுதியதாக மட்டும் சொல்லாதே.

உன் ஆலை சீக்கிரம் ஓடட்டும். நீயும் அங்கே பத்திரமாக இரு. கேட் சத்தம் இன்னும் கேட்கவில்லை. ஆவி பிடித்துப் பார்த்தேன், மூக்கு திறக்கவில்லை. திரும்பவும் தண்ணீர் சுடவைத்திருக்கிறேன். அப்பா வருவதற்குள் திறந்துவிட வேண்டும்.

உன் பிரியமுள்ள,
தங்கை