அட்டையில் இல்லாத அத்தாவுக்கு, ஆம்னி வேனைப் பற்றி

என் ஆசை அத்தாவுக்கு, ஸலாம்.

வேனை விற்றுவிட்டோம். வேறு யாரும் உங்களிடம் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று, பரீட்சைக்குப் படிக்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன். வேறு யார் வந்து சொல்லப் போகிறார்கள்? தெரியவில்லை. ஆனால் அது போனதற்குக் காரணம் நான்தான்.

நீங்கள் போன பிறகு அம்மா டவுன்ஷிப் பக்கம் ஒரு கேண்டீனில் சப்பாத்தி போடும் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் ஒரு ஷிஃப்ட், மாலையில் ஒரு ஷிஃப்ட். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீடு பூட்டியிருக்கும். அம்மா எட்டரைக்கு வருவாள், வந்ததும் படுத்துவிடுவாள். நான் வீட்டைத் திறக்காமல் வேனைத் திறப்பேன். புங்க மரத்தடியில் நீங்கள் நிறுத்திய இடத்திலேயேதான் நின்றது. நடுச் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன், நூலகப் புத்தகம் படிப்பேன். அன்றைக்கு நடந்ததையெல்லாம் உங்கள் சீட்டின் முதுகைப் பார்த்துச் சொல்வேன்.

உங்களை அடக்கிய கபருஸ்தானுக்குப் பெண்பிள்ளைகள் போகும் வழக்கம் நம் தெருவில் இல்லை. எனக்கு நீங்கள் இருந்த இடம் அந்த வேன்தான்.

சதுரங்கப்பட்டினத்து உப்புக் காற்று தகரத்தைத் தின்றுவிடும் என்பீர்களே, அதனால் வெள்ளிக்கிழமைதோறும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். பேட்டரி செத்துவிட்டது. இரண்டு டயர்கள் தரையோடு உட்கார்ந்துவிட்டன. வெள்ளை நம்பர் பலகை மட்டும் பளிச்சென்று இருந்தது.

அந்தப் பலகையைப் பற்றி, இந்தக் கடிதம் வேறு யார் கையில் கிடைத்தாலும் புரியும்படி சொல்லிவிடுகிறேன். வாடகைக்கு ஓட்டும் வண்டிக்கு மஞ்சள் பலகை வேண்டும். நீங்கள் வாங்கிய பழைய வண்டி, சொந்த உபயோகத்துக்கான வெள்ளைப் பலகையோடு வந்தது. மாற்றினால் வரி, பர்மிட் என்று செலவு. தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு அப்படியே ஓட்டினீர்கள். டவுன்ஷிப் பிள்ளைகள் பத்துப் பேரைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போவீர்கள், என்னோடு பதினொன்று. வண்டி கிளம்பும்போது தினமும் ஒரு பாடம் நடக்கும்.

“போலீஸ் ஸார் கேட்டா இன்னா சொல்லணும்?”

“எங்க மாமா வண்டி!” என்று கத்துவோம். நானும் சேர்ந்து மாமா என்றுதான் கத்துவேன்.

“எனக்கு பத்து அக்கா தங்கச்சிங்க, அதுல ஒண்ணு கூட சோறு போட மாட்டேங்குது ஸார்னு அழுதுடுவேன். வுட்டுடுவாரு,” என்பீர்கள்.

இந்த வருடம் குடும்பத் தலைவிகளுக்கான மாத உதவித் தொகைக்கு நம் தெருப் பள்ளியில் முகாம் போட்டார்கள். விதிகள் அச்சடித்த தாளை நான் இரண்டு முறை படித்துவிட்டு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு ரேஷன் அட்டை என்றால் ஒரு குடும்பம். ஒரு குடும்பத்துக்கு ஒரு பெண். நிலம் இவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது, மின்சாரம் இவ்வளவுக்கு மேல் செலவாகக் கூடாது, சொந்த உபயோகத்துக்குக் கார் இருக்கக் கூடாது. அம்மா துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

“அது மட்டும் வந்துச்சுன்னா, வாரத்துல மூணு நாளு சாயங்கால ஷிஃப்ட வுட்டுடுவேன்டி. வூட்லயே இருப்பேன்.”

அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை, அத்தா. மூன்று மாலைகள்!

முகாமில் செல்போனில் விவரம் ஏற்றிக்கொண்டிருந்த அக்கா, வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். “கார், ஜீப், டிராக்டர் எதனா இருக்கா?”

“இல்லம்மா,” என்றாள் அம்மா.

அம்மா பொய் சொல்லவில்லை. நகராத தகரம் அவளுக்குக் கார் இல்லை. ஆனால் அந்த “இல்ல” என் காதில் வேறு மாதிரி விழுந்தது. நீங்களே இல்லை என்று யாரோ எழுதிக்கொள்வது போல இருந்தது. “இருக்குக்கா,” என்று நான் எழுந்து நின்றேன். “ஆம்னி வேன். எங்க அத்தா வண்டி.”

அந்த அக்கா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். “ஓடுதா?”

“வாராவாரம் கழுவி வெக்கிறேன்க்கா.”

நம்பரையும் மனப்பாடமாகச் சொன்னேன். மேசைக்குக் கீழே அம்மா என் தொடையைக் கிள்ளியது, ஏற்றி முடித்த பிறகுதான் புரிந்தது.

நிராகரிக்கப்பட்டது என்று போனில் செய்தி வந்த அன்று, பக்கத்து வீட்டு சரசக்கா வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். “ஊர்ல ஏசி காரு வெச்சிகினு கீறவன்லாம் கம்முனு கீறான். பேட்டரி இல்லாத வண்டிக்கு இது போய் சாட்சி சொல்லுது! இன்னாத்த படிக்கிற நீ?” அம்மா என்னைத் திட்டவேயில்லை. கேண்டீனுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போய்விட்டாள். திட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்?

மேல்முறையீடு செய்யலாம் என்று அதே தாளில் போட்டிருந்தது. நான் மூன்று பக்கம் எழுதினேன். அது சொந்த உபயோக வண்டியே இல்லை, எங்கள் அத்தா அதில் பிள்ளைகளை ஏற்றித்தான் எங்களுக்குச் சோறு போட்டார், ஒரு நாள்கூட நாங்கள் அதில் ஊர் சுற்றப் போனதில்லை என்று எல்லாவற்றையும் எழுதினேன். தாலுகா அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்தவர் வேனைச் சுற்றி வந்து, டயரைக் காலால் அழுத்திப் பார்த்தார். பிறகு நின்றபடியே மூன்று பக்கத்தையும் படித்தார்.

“நல்லா எழுதியிருக்க பாப்பா,” என்றார். “ஆனா இத நான் ஃபைல்ல வெச்சா, எங்கப்பா பர்மிட் இல்லாம வாடகைக்கு ஓட்டுனாருன்னு நீயே கையெழுத்து போட்டுக் குடுத்த மாதிரி ஆயிடும். வெக்கட்டுமா?”

அம்மாதான் கையை நீட்டினாள். “வெக்காத ஸார். குடு இப்டி.”

“அப்போ வண்டிய வித்துடுங்கம்மா. பேர் மாத்துன பேப்பர கொண்டு வாங்க. நான் தகுதின்னு எழுதிடறேன்.”

அத்தா, ரேஷன் அட்டையிலிருந்து உங்கள் பெயரை நீக்கி நாலு மாதம் ஆகிறது. விதிப்படி நீங்கள் இந்தக் குடும்பத்தில் இல்லை. உங்கள் வண்டி மட்டும் இருந்தது. இதை யாரிடம் கேட்பது?

திருப்போரூரிலிருந்து பழைய வண்டி வாங்குகிறவர் வருவதற்கு முந்தின நாள், நானும் அம்மாவும் வேனைத் துடைத்தோம். நான் முதன்முறையாக உங்கள் சீட்டில் கை வைத்தேன். அதில் நான் உட்கார்ந்ததே இல்லை, பயம்.

“பாத்துடி, அந்த சீட்டுக்கு அடியில எறும்பு கீது. கடிக்கும்,” என்றாள் அம்மா.

“உனக்கு எப்டிம்மா தெரியும்?”

அவள் கண்ணாடியை அழுத்தித் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் பள்ளிக்கூடம் போன பிறகு, கேண்டீனுக்குக் கிளம்புவதற்கு முன்னால், அவளும் தினமும் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள். முன் சீட்டில் அவள், நடுச் சீட்டில் நான். ஒரே வண்டி, வேறு வேறு நேரம். இத்தனை நாளும் ஒருத்திக்கு ஒருத்தி தெரியாது.

இழுத்துப் போவதற்கு லாரி வந்தது. அம்மா உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள், அடுப்பில் எதையும் வைக்கவில்லை.

ஏற்கப்பட்டது என்று போன வாரம் செய்தி வந்தது. திங்கள், புதன், வெள்ளி மாலைகளில் அம்மா இப்போது வீட்டில் இருக்கிறாள். நேற்று, முதல் திங்கட்கிழமை, நான் வந்தபோது கதவு திறந்திருந்தது. எனக்குக் கூச்சமாக இருந்தது, யார் வீட்டுக்குள்ளோ நுழைவது போல. டீ போட்டுக் கொடுத்தாள். இரண்டு பேரும் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“இன்னாடி, ஸ்கூல்ல இன்னிக்கு இன்னா நடந்துது?”

“ஒண்ணுமில்லமா.”

அம்மா தலையாட்டினாள். எழுந்து டம்ளரைக் கழுவப் போனாள். நேற்றுத்தான் கட்டுரைப் போட்டியில் எனக்கு முதல் பரிசு கொடுத்திருந்தார்கள். அதை உங்களிடம் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். மரத்தடியில் எண்ணெய்க் கறை மட்டும்தான் இருக்கிறது.

மற்ற நாலு மாலைகளில் நான் எங்கே வந்து உங்களோடு பேசுவது என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் நாளை புதன்கிழமை. அம்மா கேட்டால் “ஒண்ணுமில்ல” என்று சொல்ல மாட்டேன், அத்தா. அவள் கேட்காவிட்டாலும் பரிசுப் புத்தகத்தை எடுத்து அவள் மடியில் வைத்து, முதலிலிருந்து சொல்வேன்.

உங்கள் ஒரே மகள்,
ஷமீமா