லியோன் வைத்த நேரம்

யேசு மரி சூசை துணை

கடற்கரை வீதி, குருநகர்
12.08.1985

என் அன்புத் தம்பி கனிசியசுக்கு,

அக்கா பெர்னடெட் எழுதுவது. நீ கொழும்புக்குப் போய் லொட்ஜில் தங்கியிருக்கிறாய் என்று உன்னை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரர் செல்வநாயகம் ஆள் விட்டுச் சொன்னார். நீயே ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதினால் கை உளைந்துவிடுமோ?

அவர் அன்றைக்கு வந்து, "கோட்டும் சூட்டும் காணாது. கையிலை ஒரு விலைகூடின மணிக்கூடும் இருக்கவேணும். அப்பதான் ஏயாப்போட்டிலை யாவாரி எண்டு நம்புவாங்கள்" என்று சொன்னதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. வெள்ளைக்காரன் ஆளின் முகத்தைப் பார்க்க முன்னம் கையைப் பார்ப்பானோ? சந்தையில் என்னிடம் மீன் வாங்க வருகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பது போலவோ? அவரைக் கண்டால் கேட்டு எழுது.

மணிக்கூடு பத்திரம். உன் அத்தான் லியோன் கப்பலில் வேலை செய்த காலத்தில் ஆசைப்பட்டு வாங்கிய ஒமேகா அது. பிறகு சொந்த வள்ளம் வாங்கித் தொழிலுக்குப் போனபோது, உப்புத் தண்ணீர் படக்கூடாதென்று கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டுத்தான் போவார். போன மார்கழியிலும் வானொலிச் செய்தியோடு நேரத்தைச் சரிபார்த்து வைத்துவிட்டுப் போனார். வள்ளமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. கடலோ கடற்படையோ, ஆருக்குத் தெரியும்?

அன்று தொடக்கம் காலைச் செபம் முடிந்ததும் நான்தான் அதற்குச் சாவி கொடுக்கிறேன். முள்ளை ஒருநாளும் தொட்டதில்லை. இவ்வளவு மாதத்திலும் நாலைந்து நிமிஷம்தான் பிந்தியிருக்கிறது. அதில் ஓடுவது லியோன் வைத்த நேரம். அது ஓடும்வரை அவர் எங்கேயோ ஒரு கரையில் இருக்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு இது விசர்க் கதையாகத் தெரியலாம்.

அப்படிப்பட்டதை ஏன் உன் கையில் தந்தேன்? நீயும் இங்கே இருந்து கடலில் இறங்கினால் எனக்கு ஒருத்தரும் மிஞ்சமாட்டார்கள். அதுதான். ஆனால் நீ செய்து தந்த சத்தியத்தை மறக்காதே. தினமும் சாவி கொடு. எந்த நாட்டுக்குப் போனாலும் முள்ளைத் திருப்பாதே. போய்ச் சேர்ந்ததும் ஊருக்கு வருகிற நம்பிக்கையான ஆளிடம் கொடுத்துவிடு.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா
பெர்னடெட்


கொழும்பு
21.08.1985

அன்புள்ள அக்காவுக்கு,

கை உளையவில்லை அக்கா, முத்திரை வாங்க வெளியே போகத்தான் பயம். மணிக்கூடும் நானும் சுகம். மணிக்கூட்டை முதலில் எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா?

ஆனையிறவு ஆமிச் சோதனைச்சாவடியில் எல்லோரையும் பஸ்ஸால் இறக்கினார்கள். மணிக்கூட்டின் முகத்தை உள்ளங்கைப் பக்கம் திருப்பிக் கட்டி, சட்டைக் கையையும் பூட்டியிருந்தேன். ஒரு ஆமிக்காரன் என் கையில் வாரைக் கண்டுவிட்டு நேரம் கேட்டான். "ஓடேல்லை, பழசு" என்று சொல்லிவிட்டேன். அவன் விட்டுவிட்டான். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் நெஞ்சு கேட்கவில்லை. அத்தானுடைய மணிக்கூட்டை ஓடவில்லை என்று என் வாயால் சொன்னேனே! உடனே காதில் வைத்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

செல்வநாயகத்தார் இங்கே தினமும் வகுப்பு நடத்துகிறார். தெருவில் மணிக்கூட்டை ஒளிக்கவேண்டும். முகம் கழுவுமிடத்தில் கழற்றக்கூடாது. பஸ்ஸில் மேல்கம்பியை மற்றக் கையால்தான் பிடிக்கவேண்டும். கவுண்டருக்கு முன்னால் போனதும் எல்லாம் தலைகீழ். முகத்தை வெளியே திருப்பி, அந்தக் கையாலேயே பாஸ்போட்டை நீட்டவேண்டும். என்னோடு நிற்கிற சீவரத்தினம் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு வெள்ளைக்கார அதிகாரியாக நடிக்கிறான். நான் நீட்டியதைப் பார்த்துச் செல்வநாயகத்தார் பேசினார்: "தம்பி, பிச்சை கேக்கிற மாதிரி நீட்டாதை. நீ இப்ப சிங்கப்பூர் யாவாரி!" பாஸ்போட்டில் நான் சிங்கப்பூர்க்காரன் அக்கா. பெயரும் என்னுடையதல்ல.

உங்கள் கேள்வியைக் கேட்டேன். வெள்ளைக்காரன் முதலில் சப்பாத்தைப் பார்ப்பானாம், பிறகு கையை, கடைசியில்தான் முகத்தை. "எங்கடை முகமெல்லாம் அவங்களுக்கு ஒண்டுதான்" என்கிறார்.

சாவி கொடுக்கிறேன். முள்ளைத் தொடவில்லை.

அன்புத் தம்பி
கனிசியஸ்


குருநகர்
30.08.1985

அன்புத் தம்பி,

இது உன் கைக்குக் கிடைக்குமோ தெரியாது. அதற்குள் நீ பறந்திருப்பாய். பிளேனில் போகும்போது மணிக்கூடு வேகமாக ஓடுமா, மெதுவாக ஓடுமா? கத்தரீனாவிடம் கேட்டேன். அவளும் என்னோடு மீன் விற்கிறவள்தானே, அவளுக்கு என்ன தெரியும்! "ஆள் பறந்தால் மணிக்கூடும் பறக்கும், நீ உந்தப் பாரை மீனை வெட்டு" என்றாள்.

பங்குச் சுவாமி நேற்றும் கேட்டார். "பெர்னடெட், லியோனுக்கு ஒரு பூசை வைப்பமே? ஆத்துமத்துக்குச் செபிக்கிறதுக்கு உடல் தேவையில்லைப் பிள்ளை." நான் வேண்டாம் என்றேன். செத்தவருக்குத்தானே அந்தப் பூசை? மணிக்கூடு இன்னும் ஓடுகிறது என்று வாய்வரை வந்தது, சொல்லவில்லை. அலுமாரியைத் திறந்தால் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. பழக்கத்தில் காலையில் கை தானாகப் போகிறது.

போய்ச் சேர்ந்ததும் உடனே எழுது. உனக்காக ஒவ்வொரு நாளும் மெழுகுதிரி கொளுத்துகிறேன்.

அக்கா
பெர்னடெட்


டோர்ட்முண்ட், ஜேர்மனி
22.09.1985

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு வந்து சேர்ந்தேன். ஆனால் சிங்கப்பூர்க்காரனாக அல்ல, குருநகர்க் கனிசியசாக. நடந்ததை எழுதுகிறேன், பயப்படாமல் வாசியுங்கள்.

பிராங்போர்ட் விமான நிலையத்தில் கவுண்டரில் இருந்தவர் என் வயதுக்காரர். வகுப்பில் சொன்னபடி பாஸ்போட்டை நீட்டினேன். செல்வநாயகத்தார் சொன்னது சரிதான், அவர் மணிக்கூட்டைத்தான் பார்த்தார். நல்ல சாமான் என்று தலையையும் ஆட்டினார். பிறகு சுவரில் இருந்த பெரிய மணிக்கூட்டைப் பார்த்தார், திரும்ப என் கையைப் பார்த்தார். அங்கே ஒன்பதேகால். என் கையில் பன்னிரண்டே முக்காலுக்குக் கிட்ட.

"சிங்கப்பூர்?" என்றார். தலையாட்டினேன். அவருடைய நெற்றி சுருங்கியது. பிறகுதான் காரணத்தைச் சொன்னார்கள். சின்ன முள் எங்கே நின்றாலும் பரவாயில்லையாம் அக்கா, பெரிய முள் இரண்டு மணிக்கூட்டிலும் ஒரே இடத்தில் நிற்கவேண்டுமாம். சிங்கப்பூர் நேரத்துக்கும் ஜேர்மன் நேரத்துக்கும் வித்தியாசம் முழு மணித்தியாலம். எங்கள் நாட்டு நேரத்தில்தான் ஒரு அரை மணித்தியாலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதைச் செல்வநாயகத்தார் வகுப்பில் சொல்லித்தரவே இல்லை.

அவர் மணிக்கூடு பழுது என்று நினைத்திருக்கவேண்டும். நல்ல மனத்தோடு என் கையைப் பிடித்து, தானே சரிசெய்து தருவதற்காகச் சாவியை இழுக்கப் போனார். நான் கையைப் பறித்துக்கொண்டு, "ஐயோ, தொடாதேங்கோ! அது அக்காவின்ரை!" என்று கத்திவிட்டேன். அந்த இடமே திரும்பிப் பார்த்தது. சிங்கப்பூர் யாவாரி அதோடு முடிந்தார்.

ஒரு அறைக்குக் கொண்டுபோனார்கள். என் சாமான்களோடு மணிக்கூட்டையும் கடதாசிப் பையில் போட்டு ஒட்டினார்கள். மொழிபெயர்க்க அருந்ததி என்று ஒரு பிள்ளை வந்தா, கோப்பாய்ப் பிள்ளை. "தங்கச்சி, என்னை என்னவும் செய்யட்டும், காலமையிலை அதுக்குச் சாவி குடுக்கவேணும் எண்டு சொல்லுங்கோ" என்றேன். காரணத்தைக் கேட்டார்கள். அத்தானைப் பற்றி எல்லாம் சொன்னேன். பொய்ப் பாஸ்போட்டையும் சொன்னேன்.

நம்புவீர்களோ தெரியாது. என்னை அங்கே வைத்திருந்த நாளெல்லாம் கவுண்டரில் இருந்த அந்த அதிகாரியே காலையில் பையை எடுத்துவந்து பிரித்துத் தந்தார். நான் சாவி கொடுத்தேன், திரும்ப ஒட்டினார். கடைசி நாள் ஏதோ கேட்டார். அருந்ததி தயங்கிச் சொன்னா: "உங்கடை அத்தான் வந்திட்டாரோ எண்டு கேக்கிறார்."

நான் ஒன்றும் சொல்லவில்லை அக்கா.

இப்போது அகதி விண்ணப்பம் எழுதி ஒரு விடுதியில் விட்டிருக்கிறார்கள். விசாரணை இனித்தான்.

அன்புத் தம்பி
கனிசியஸ்


குருநகர்
08.10.1985

தம்பி,

என் பிடிவாதத்தால் நீ பிடிபட்டாய். கடிதத்தை வாசித்ததிலிருந்து அது ஒன்றுதான் தலைக்குள் நிற்கிறது. சந்தைக்கும் போகவில்லை.

அந்த அதிகாரிக்குத் தாய் இருக்கிறாவா? இருந்தால் நல்ல பிள்ளை பெற்றிருக்கிறா.

உன்னைத் திருப்பி அனுப்புவார்களா? அதை மட்டும் எழுது.

அக்கா


டோர்ட்முண்ட்
24.10.1985

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் தலையில் அடித்துக்கொள்ளவேண்டாம். பிடிபட்டபடியால்தான் உண்மையைச் சொன்னேன், உண்மையைச் சொன்னபடியால்தான் விசாரணை. திருப்பி அனுப்புவார்களோ இல்லையோ என்பது அந்த விசாரணையில்தான் இருக்கிறது. அதில் ஒரு சிக்கல் வந்துவிட்டது.

கேளுங்கள் இந்த அதிசயத்தை. இந்த நாட்டுக்காரர் குளிர்காலம் வருகிறதென்று நேரத்தை ஒரு மணித்தியாலம் பின்னால் தள்ளுகிறார்கள்! புரட்டாதிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. சுவர் மணிக்கூடு, கோயில் மணிக்கூடு, ஆளாளுடைய கை மணிக்கூடு எல்லாம் ஒரே நாளில். எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. மறுநாள் எனக்கு விசாரணை. நான் வழக்கம்போல அத்தானுடைய நேரத்திலிருந்து மூன்றரை மணித்தியாலம் கழித்துக் கொண்டு போனேன். கதவு பூட்டு. குளிரில் நின்று பார்த்துவிட்டு, இன்றைக்கு ஏதோ திருநாள் போல என்று திரும்பி வந்துவிட்டேன். நான் ஒரு மணித்தியாலம் முந்திப் போயிருக்கிறேன், திரும்பி வந்த பிறகுதான் கதவைத் திறந்திருக்கிறார்கள்.

மார்கழி 17இல் இன்னொரு தவணை தந்திருக்கிறார்கள். அதையும் தவறவிட்டால் விண்ணப்பத்தை மூடிவிடுவார்களாம்.

மலிவான மணிக்கூடு ஒன்று வாங்கிக் கட்டு என்பீர்கள். கட்டினேன். இரண்டு கையிலும் மணிக்கூடு கட்டியவனைக் கண்டு ரயில் ஸ்டேசனில் பொலிஸ்காரர் மறித்துவிட்டார், எங்கே எடுத்தாய் என்று. ஒமேகாவைச் சட்டைப்பையில் போட்டால் ட்ராம் நெரிசலில் யாரோ கை விடுகிறான். விடுதி அறைக்குப் பூட்டில்லை. அதற்குக் கையை விடப் பத்திரமான இடம் கிடையாது. ஊருக்குக் கொண்டுவர நம்பிக்கையான ஆளும் கிடைக்கவில்லை. கையில் ஒன்றுதான் இருக்கலாமென்றால், அதில் இந்த ஊர் நேரம் இருக்கவேண்டும்.

உங்களைக் கேளாமல் முள்ளில் கை வைக்கமாட்டேன். நீங்கள் வேண்டாம் என்றால் இனி நாலரை மணித்தியாலம் கழித்துக் கணக்குப் பார்த்தே போகிறேன், ஆனால் இன்னொருமுறை கணக்குப் பிழைத்துவிடுமோ என்றுதான் பயம். கோபிக்காதீர்கள். இந்த மனிதர்கள் நேரத்தைத் திருப்பிய மறுநாள் தெருவில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருவரும் எதையும் இழந்தது போல் இல்லை.

அன்புத் தம்பி
கனிசியஸ்


குருநகர்
10.11.1985

என் அன்புத் தம்பி கனிசியசுக்கு,

ஒரு நாடே முள்ளைத் திருப்புகிறதா? மெய்யாகவோ? கத்தரீனாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப அந்த ஒரு மணித்தியாலத்திலை பிறந்த பிள்ளைக்கு என்ன செய்வாங்கள்?" என்று கேட்கிறாள். விசாரித்து எழுது, அவள் என்னை விடமாட்டாள்.

அந்த அதிகாரி கேட்ட கேள்வியும் என்னை விடவில்லை. நீ ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய். நானும் பல நாளாக ஒன்றும் சொல்லவில்லை. நேற்றுச் சந்தையால் வரும்போது மீன் கூடையோடேயே சுவாமியின் அறைவீட்டுக்குப் போனேன். "சுவாமி, லியோன் வரமாட்டார். பூசை வைக்கவேணும்" என்றேன். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. இந்த வருஷம் முழுவதற்கும் சேர்த்து அழுதேன். சுவாமி கதிரையை இழுத்துப் போட்டார்.

மார்கழி 14, சனிக்கிழமை, பின்னேரம் ஐந்து மணிப் பூசை. அவர் போன நாள். உனக்கு வர வழியில்லை. ஆனால் உன் கையில் எங்கள் நேரம் இருக்கிறது. அதனால் அதுவரைக்கும் முள்ளைத் தொடாதே. அன்றைக்கு அங்கே எத்தனை மணி என்று கணக்குப் பார்க்கவேண்டாம். அத்தானின் மணிக்கூட்டைப் பார். அதில் ஐந்தாகும்போது நீ நிற்கிற இடத்தில் முழங்காலில் இரு. அதற்கு நாலைந்து நிமிஷம் முன்னமே இங்கே மணி அடித்திருக்கும். பரவாயில்லை. அவரும் ஒருநாளாவது பூசைக்கு நேரத்துக்கு வந்தவரில்லை.

ஐந்தரைக்குப் பூசை முடிந்துவிடும். பிறகு முள்ளைத் திருப்பு. நீயே திருப்பு, வேறு ஒருவர் கையிலும் கொடுக்காதே. உன் ஊர் நேரத்துக்கு வைத்துக்கொண்டு 17ஆம் திகதி கதவு திறக்க முன்னமே போய் நில்.

மணிக்கூட்டை எனக்குத் திருப்பி அனுப்பவேண்டாம். அலுமாரியில் அந்த இடத்தில் இப்போது உன் கடிதங்களை வைத்திருக்கிறேன். அது உன்னுடையது. தெருவில் முகத்தை உள்ளே திருப்பிக் கட்டு. விசாரணைக்குப் போகும்போது மட்டும் வெளியே திருப்பு. சிங்கப்பூர் யாவாரியாக அல்ல, லியோனின் மைத்துனனாக.

திருப்பி முடித்ததும் அதில் எத்தனை மணி என்று எனக்கு எழுது. நீ இருக்கிற நேரம் எனக்குத் தெரியவேண்டும்.

உன் அக்கா
பெர்னடெட்