உன் காதில் கோளாறு இல்லை, மாப்பிள்ளை

மாப்பிள்ளை,

இன்று காலை உன் மகள் கோதையின் காரை சர்வீஸுக்கு விட்டோம். விடுவதற்கு முன்னால் டேஷ்போர்டைக் காலி செய்யச் சொன்னாள். ஒரு குடை, இரண்டு சீப்பு, காய்ந்து சுண்டிய எலுமிச்சம்பழம், இவற்றுக்கெல்லாம் அடியிலிருந்து ஒரு சின்ன பாட்டில் உருண்டு வந்து என் மடியில் விழுந்தது. காதுக்கு விடுகிற சொட்டு மருந்து. பாதி மிச்சம் இருந்தது. மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். கடைசி ஆறு மாதம் நீ எந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாலும் அங்கே தங்கிவிடுமே, அந்த வாசனை.

என்னைப் பற்றி உலகத்துக்கே தெரியும். மதுரையிலிருந்து செங்கோட்டை வரைக்கும் தண்டவாளத்தைச் செத்த நேரம் தூக்கிப் பிடி என்றால்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்புகிற ஆள் நான். அப்பேர்ப்பட்டவனை இரண்டங்குல பாட்டில் ஒன்று உட்கார வைத்துவிட்டது.

நீ லோடு வேன் ஓட்டிய காலத்தை நினைத்தேன். இராஜபாளையம் முழுக்கப் பேண்டேஜ் துணி நெய்தாலும் நம் மில்லின் வாசல்தான் வாசல். வேனுக்கு இந்தப் பக்கம் நாலு விரல், அந்தப் பக்கம் நாலு விரல். அதில் நீ ரிவர்ஸில் வருவதைப் பார்க்க ஜனம் கூடும். பத்தாயிரம் பேர் என்று நான் சொல்வேன். ஐந்தாறு பேர் நிச்சயம் இருந்தார்கள். நீ கண்ணாடியைப் பார்க்கமாட்டாய், தலையைத் திருப்பமாட்டாய். காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டுவாய். ரிவர்ஸ் கியர் போட்டதும் வண்டி ஊளையிடும் அல்லவா, அந்த ஊளையின் ஏற்ற இறக்கத்திலேயே வேகத்தையும் தூரத்தையும் அளந்துவிடுவாய்.

“கண்ணாடி ஏமாத்தும் மச்சான், கியர்பாக்ஸ் ஏமாத்தாது. ஊளை கேக்குதா, வண்டி போகுது. ஊளை நின்னுச்சா, வண்டி நின்னுச்சு. அம்புட்டுத்தான்.”

உனக்குக் காது இருந்தது. காதுக்குத் துணையாகக் குடோன் மேஸ்திரியான நான் பின்னால் நின்று குரல் கொடுத்தேன். வரலாம், வரலாம், செத்த ஒடி, வரலாம், ஹோல்டேன்! நான் ஹோல்டேன் என்றால் நீ அரை அங்குலம் நகரமாட்டாய். பின்னால் போகிற வண்டியைப் பார்த்துப் ‘போகலாம்’ என்று சொல்லாமல் எதற்கடா ‘வரலாம்’ என்கிறோம் என்று ஒருநாள் கேட்டேன். பீடியைக் கடித்தபடி சிரித்தாய். “பின்னாடி நீயில்ல நிக்க? ஒங்கிட்டதான வாரேன்.”

அப்புறம் கோதை இந்தக் காரை வாங்கினாள். ஹைபிரிட்டாம். பெட்ரோலும் குடிக்கும், கரண்டும் குடிக்கும். இரண்டையும் குடித்த பின்பும் நிதானமாக இருக்கிற ஒரே ஜீவன் இதுதான் என்று நான் தெருவெல்லாம் அறிவித்தேன். நீ அதை ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டாய். உன்னையும் என்னையும் ஏற்றிக்கொண்டு வண்டி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனது, பால்கோவா வாங்க.

அங்கே நடந்ததை ஊருக்கு நான் எப்படிச் சொன்னேன் என்பது உனக்குத் தெரியும். நீ ரிவர்ஸ் எடுத்த வேகத்தில் ராஜகோபுரம் இரண்டடி தள்ளி நின்று வழிவிட்டது என்றேன். உருண்ட கொய்யாப்பழங்கள் மகாராஜபுரம் தாண்டி கூமாப்பட்டிக் கண்மாயில் போய் விழுந்தன என்றேன். நடந்தது வேறு. வண்டி வந்த வேகத்தை ஆமை ஒன்று பார்த்திருந்தால் கொட்டாவி விட்டிருக்கும். R-இல் போட்டாய். உள்ளே ‘பீப் பீப்’ என்றது. பெல்ட் போடாததற்குத்தான் கத்துகிறது என்று நினைத்துப் பெல்ட்டை மாட்டினாய். அப்புறம் கவனித்தால் ஊளை இல்லை, என்ஜின் உறுமலும் இல்லை. வண்டி ஆஃப் ஆகிவிட்டது என்று முடிவு கட்டி, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டாய். அது சத்தமில்லாமல் ஊர்ந்து போய்க் கொய்யா வண்டியில் சாய்ந்தது. யாருக்கும் அடியில்லை. பழம்தான் தெருவெல்லாம் ஓடியது.

கொய்யாக்காரம்மா வந்து, ஏற்றிவிட்டிருந்த கண்ணாடியைத் தட்டினாள். “ஏன்யா, இம்புட்டுக் கூப்பாடு போட்டேன், காது கேக்காதா ஒமக்கு?”

நீ என்னைப் பார்த்தாய். “சத்தமே வரலயே மச்சான்.”

அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நான் என்ன சொன்னேன்? “அவிய காது அடைச்சுப்போயி வருசம் ஆச்சும்மா, முப்பது வருசம் வேன் ஓட்டுன காதுல்ல” என்றேன். கூட்டம் சிரித்தது. நீயும் கொஞ்சம் சிரித்தாய்.

அந்தக் கதையை ஆறு மாதம் ஊரெல்லாம் கொண்டுபோனேன். நம் டீக்கடை சீனி அதை எனக்கே திருப்பிச் சொல்லுமளவுக்கு அது வளர்ந்தது. நீ சாவியைக் கோதையிடம் கொடுத்துவிட்டுப் பின் சீட்டுக்குப் போனாய். பூண்டெண்ணெய், சொட்டு மருந்து, டிவியில் முழுச் சத்தம். எல்லோரும் செவிடென்றதால் நீயே நம்பிவிட்டாய். சாவதற்கு முந்தின நாள்கூட, நான் என்னவோ சொல்ல, காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு “என்ன மச்சான்?” என்றாய். எனக்கு அது அப்போது வேடிக்கையாக இருந்தது.

இன்று சர்வீஸ் செய்கிற தம்பியிடம் கோதை ஒரு புகார் சொன்னாள். “ரிவர்ஸ் எடுக்கப்போ சில நேரம் என்ஜின் உறுமுது, சில நேரம் செத்த மாதிரி கெடக்கு. கியர்ல எதும் கோளாறா?”

“இதுல ரிவர்ஸ் கியரே கிடையாதேக்கா” என்றான் தம்பி.

நான் நடுவில் புகுந்தேன். “ஏலே, ரிவர்ஸ் கியர் இல்லாம வண்டி எப்பிடில பின்னாடி போகும்?”

“மோட்டார் எதிர்ப்பக்கமாச் சுத்தும் பெரியவரே. பின்னாடி போறது கரண்டுலதான். என்ஜின் தூங்கும்.”

“உறுமுதுன்னு பிள்ள சொல்லுதுல்ல?”

“பேட்டரி கொறைஞ்சா என்ஜின் ஓடும். அது சார்ஜ் ஏத்துறதுக்கு. அதால பின்னாடி தள்ள முடியாது. சொல்லப்போனா அது லேசா முன்னாடிதான் தள்ளும். மோட்டார் அதையும் மீறிப் பின்னாடி இழுத்துட்டுப் போகும்.”

மாப்பிள்ளை, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தலை சுற்றியது. உறுமினால் முன்னால் தள்ளுகிறது, ஆனால் வண்டி பின்னால் போகிறது. தூங்கினாலும் பின்னால் போகிறது. R என்று ஒரு எழுத்து இருக்கிறது, அந்த எழுத்துக்குரிய கியர் இல்லை. இரண்டு டம்ளரையும் ஒரு வடையையும் வைத்து அந்தத் தம்பி மறுபடி விளக்கினான். முடிவில் வடை எது, என்ஜின் எது என்று எனக்குத் தெரியாமல் போய் வடையைத் தின்றுவிட்டேன். ஆனால் ஒன்று மட்டும் புரிந்தது. ஊளையிட அதில் கியரே இல்லை. அன்றைக்குக் கேட்பதற்கு எதுவும் இல்லை. நீ சரியாகத்தான் கேட்டிருக்கிறாய்.

சாயங்காலம் வண்டி வந்ததும் கோதையோடு அதிலேயே நேரே டீக்கடைக்குப் போய்ச் சொன்னேன். “கேட்டுக்கோங்க, இந்த வண்டிக்கு ரிவர்ஸ் கியரே கெடையாது. எம் மாப்ளைக்குக் காது நல்லாத்தான் இருந்துச்சு.”

கடை அதிர்ந்தது. சீனிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரித்து. “ஒம்ம புளுகுலயே இதான்வே பெருசு! கோபுரத்த நகட்டுனீரு, சரின்னோம். இப்ப கியரக் கழட்டிட்டு வண்டிய ரிவர்ஸ்ல விடுதீரே!”

வாழ்நாளில் ஒரே ஒரு உண்மை சொன்னேன். ஒருவனும் நம்பவில்லை.

விடுவேனா? சீனியைப் பிடித்துக் கோதைக்குப் பக்கத்துச் சீட்டில் உட்காரவைத்தேன். “கண்ண மூடும். வண்டி எப்ப நிக்கி, எப்ப போகுதுன்னு காதால கேட்டுச் சொல்லும்.” நான் பின்னால் போய் நின்றேன். கோதை R போட்டாள். சோதனையாக என்ஜின் உறுமியது. “நல்லாக் கேக்குதே!” என்று சீனி கத்த, கடை முழுக்கக் கைதட்டியது. மானம் போனது என்று நினைத்தேன். செத்த நேரத்தில் உறுமல் அடங்கியது. வண்டி மட்டும் ஊர்ந்து வந்துகொண்டே இருந்தது, பூனை மாதிரி.

சீனி கண்ணைத் திறக்காமலே கேட்டான். “என்னம்மா, ஆஃப் ஆயிருச்சா?” சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து ஒரு காலை வெளியே நீட்டினான்.

“ஹோல்டேன்!”

என் தொண்டை கிழிந்தது. கோதை பிரேக்கை அழுத்தினாள். சீனி கண்ணைத் திறந்து, தரைக்கு ஒரு சாண் மேலே தொங்குகிற தன் காலையும், முன்னால் தள்ளிப்போயிருந்த தன் கடையையும் மாறி மாறிப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. இறங்கி வந்து என் முன்னால் நின்றான். “அவியளுக்குக் காதுல ஒண்ணுமில்லவே” என்றான். “பாவம், நாமதான் செவிடாக்கிட்டம்.”

அவன் ‘நாம’ என்றது பெருந்தன்மை. நான்தான்.

அவனிடம் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் நீ ரிவர்ஸ் எடுத்தபோது நான் வண்டிக்குப் பின்னால் இல்லை. பால்கோவாக் கடையில் ருசி பார்க்கிறேன் என்று மூன்றாவது தடவை கையை நீட்டிக்கொண்டு நின்றேன். கொய்யாக்காரம்மா கத்தியது எனக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்தேன், வாய் நிறையப் பால்கோவா. ‘ஹோல்டேன்’ வெளியே வரவில்லை. அதை மறைக்கத்தான் உன் காதை அடைத்தேன், மாப்பிள்ளை. உனக்கும் அது தெரிந்திருக்குமோ? “எங்கடா போயிருந்த?” என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு அந்த வண்டியைவிடப் புரியாமல் இருக்கிறது.

பாட்டிலைக் கோதை குப்பையில் போடப் போனாள். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அவள் வண்டியில் பின்னால் பார்க்கக் கேமரா இருக்கிறது, அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கோடெல்லாம் இருக்கிறது. இருந்தாலும் வீட்டுச் சந்தில் வண்டியை ஏற்றும்போது, “மாமா, பின்னாடி நிக்கியளா?” என்று கேட்டாள். இறங்கிப் போய் நின்றேன்.

சத்தமே இல்லாமல் வந்தது. பின் சீட்டில் நீ உட்காருகிற பக்கத்துக் கண்ணாடி என்னை நோக்கி நகர்ந்து நகர்ந்து வந்தது. கையைத் தூக்கினேன். வாயில் ஒன்றும் இல்லை.

“வரலாம்” என்றேன். “வரலாம், வரலாம்.”

ஹோல்டேன் சொல்லத்தான் மனசு வரவில்லை.